சாரல் தந்த ஊர்

நுழையும்முன்

துறைமுகத்தால் வளர்ந்த ஊர்கள் உண்டு. சந்தையால் வளர்ந்த ஊர்களும் ஆலைகளால் வளர்ந்த ஊர்களும் உண்டு. ஆண்டுக்கு மூன்று மாதம் வீசும் ஈரக்காற்றாலும் அது கொணரும் நீராலும் வளர்ந்த ஊர் ஒன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. கோவிலைச் சுற்றிய சிற்றூராக இருந்த குற்றாலம், இலட்சக்கணக்கானோர் தேடிவரும் பருவகாலச் சுற்றுலா ஊராக மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் இன்று பண்பொழி, மேக்கரை போன்ற அண்டை ஊர்களின் வாய்க்கால்வரை நீண்டிருப்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காற்றின் வழி

செங்கோட்டைக்கு வடக்கே உள்ளது பண்பொழி. பைம்பொழில் என்னும் பெயரே நாளடைவில் பண்பொழி ஆயிற்று என்பர். ஊருக்கு மேற்கே, முருகன் கோவில் கொண்டுள்ள திருமலைக் குன்றின் உச்சியில் நின்று பார்ப்பவர்க்கு அப்பகுதியின் நில அமைப்பு முழுவதும் விளங்கும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கிறது. கிழக்கே வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் குளங்களும் விரிகின்றன. தென்மேற்கே மலைச்சுவர் சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே ஆரியங்காவுக் கணவாய். கேரளக் கரையில் பெருமழை பொழியும் தென்மேற்குப் பருவக்காற்று, அவ்வழியே நுழையும்போது தன் நீரின் பெரும்பகுதியை மலைமுகட்டிலேயே இறக்கிவிடுகிறது. எஞ்சிய ஈரமே அடிவாரத்தில் தூறலாகச் சிதறுகிறது.

இதனை அப்பகுதி மக்கள் சாரல் என்பர். சங்க இலக்கியத்தில் மலைச்சரிவைக் குறிக்கும் அச்சொல்லே காற்றோடு வரும் தூறலையும் குறிப்பது எண்ணி மகிழத்தக்கது. மலைச்சாரலில் நிற்பவர்மீது மழைச்சாரல் விழுகிறது. ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களிலும் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே வெயிலும் தூறலும் மாறிமாறி வரும். மழை பொழிவது மேலே; நீர் வந்து விழுவது கீழே. பெருமழையில் நனையாமல் பெருமழையின் நீரில் குளிக்க இயல்வதே குற்றாலத்தின் தனிச்சிறப்பு.

இங்குப் பலரும் கருதாத செய்தி ஒன்று உண்டு. சாரல் வீசும் இம்மூன்று மாதங்களே இப்பகுதி உழவர்களுக்குக் கார் பருவமும் ஆகும். அருவியில் விழும் நீரை எதிர்பார்த்துத்தான் நாற்றங்கால் அமைக்கப்படுகிறது. விருந்தினர் வரும் காலமும் நடவுக்காலமும் ஒன்றே. இரண்டுக்கும் உரிய நீரும் ஒன்றே.

கோவிலூர்

குற்றாலத்தைப் பலர் மலைவாழிடம் என்று எழுதிவிடுகின்றனர். அது பிழை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்திலேயே உள்ள அடிவார ஊர் அது. தோதவர்களின் மேய்ச்சல் நிலத்தில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் அமைத்த உதகையைப் போலவோ, அமெரிக்கச் சமயப்பணியாளர்கள் வெயிலுக்கு அஞ்சி ஏறிய கோடைக்கானலைப் போலவோ அயலவர் தோற்றுவித்த ஊரும் அன்று. திருஞானசம்பந்தர் பாடியதற்கு முன்பே அங்கே கோவில் இருந்தது. நடராசருக்குரிய ஐந்து அவைகளுள் ஒன்றான சித்திரசபை, சுவரோவியங்களுடன் இன்றும் காணத்தக்கதாக உள்ளது. அருகிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியை நீங்கள் முன் வகுப்புகளில் அறிந்திருப்பீர்கள். அந்நூலில் குறத்தி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறாள். ஆயினும் அவள் மலையைக் காண எவரையும் அழைக்கவில்லை. மலை அவளுக்கு வாழிடம். பிறர்க்கு அது வழிபாட்டிடம்.

அக்காலத்தில் குற்றாலத்திற்கு வந்தோர் அருவியில் நீராடினர், குற்றாலநாதரை வணங்கினர், சத்திரத்தில் உண்டு ஊர் திரும்பினர். நீராடல் வழிபாட்டின் முன்படி. அதனால் ஊரின் அளவு கோவிலின் தேவையைத் தாண்டவில்லை.

மருந்தாகிய நீர்

1801ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கம்பெனியார் குற்றாலத்தில் நறுமணப்பயிர்த் தோட்டம் ஒன்றை அமைத்தனர். சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இங்கே விளைவிக்க முயன்றனர். கிழக்கிந்தியத் தீவுகளின் வாணிகத்தை அக்காலத்தில் ஒல்லாந்தர் தம் கையில் வைத்திருந்தனர் என்பதை நினைத்தால் இம்முயற்சியின் நோக்கம் விளங்கும். வாணிகம் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. மரங்கள் மட்டும் வேர்கொண்டன. இன்று பருவகாலத்தில் குற்றாலக் கடைகளில் விற்கும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வேற்று நாட்டு மரங்கள் இம்மண்ணை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று.

தோட்டத்தைப் பார்க்க வந்த வெள்ளையர் அருவியையும் பார்த்தனர். பாளையங்கோட்டையின் வெயிலில் வாடிய அதிகாரிகளும் திருவிதாங்கூரிலிருந்து வந்தோரும் சாரல் மாதங்களில் தங்குவதற்காக மாளிகைகள் எழுப்பினர். திருவிதாங்கூர் அரசர் கட்டிய அரண்மனை இன்றும் குற்றாலத்தில் உள்ளது. அருவிக் குளியல் உடலுக்கு மருந்து என்ற கருத்து பரவியதும் இக்காலத்திலேதான். புண்ணியத்திற்காக ஆடிய நீர், உடல்நலத்திற்காக ஆடும் நீராயிற்று. புண்ணியத்திற்கு ஒரு முழுக்குப் போதும். உடல்நலத்திற்கு ஒரு மாதம் தங்க வேண்டும். ஆகவே வாடகை வீடுகள் தோன்றின.

அடுத்த பெருமாற்றத்தைக் கொணர்ந்தது தொடர்வண்டி. 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைவரை இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டில் அது மலையைக் குடைந்து புனலூரை அடைந்து கொல்லத்தோடு இணைந்தது. மாட்டுவண்டியில் நாள்கணக்கில் வரவேண்டியிருந்த அருவி, அரைநாள் தொலைவிற்கு நெருங்கிவிட்டது. பணம் படைத்தோர் மட்டுமே அறிந்திருந்த சாரல் பருவம், அதன்பின் பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. ஒரு குடும்பம் அண்டாவும் அரிசிமூட்டையுமாக வந்திறங்கி வாடகை வீட்டில் சமைத்துண்டு அருவியில் ஆடித் திரும்பும் வழக்கம் வேரூன்றியது. மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘சீசன்’. எந்த மாதத்தின் பெயரையும் சொல்லாமல் ‘சீசனுக்குப் போகிறோம்’ என்றாலே தென்மாவட்டங்களில் அது குற்றாலத்தைத்தான் குறிக்கும்.

இலக்கிய உலகும் சாரலை நாடியது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாதர் தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் அமைத்துக்கொண்டார். இராஜாஜியும் கல்கியும் அவரைக் காண அங்கே வந்தனர். கம்பனைச் சுவைத்துப் பேசிய அக்கூடல்களில் உணவும் அருவிக் குளியலும் கவிதையைப் போன்றே இன்றியமையாதவையாக இருந்தன என்பர்.

பனியால் வளர்ந்த ஊர்கள்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இதே கதை பனியைக்கொண்டு எழுதப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள செர்மாட், மாடு மேய்த்தும் கம்பு வகைத் தானியம் பயிரிட்டும் வாழ்ந்த ஏழை மலைக்குடியினரின் சிற்றூராக இருந்தது. 1865ஆம் ஆண்டில் அவ்வூருக்கு மேலே நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தை எழுவர் முதன்முதலாக ஏறி வென்றனர். இறங்கும் வழியில் அவர்களுள் நால்வர் விழுந்து மாண்டனர். அச்செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. அவ்வழி சென்றது ஊரின் பெயரும்! 1891ஆம் ஆண்டில் தொடர்வண்டி அவ்வூரை அடைந்தது.

ஆயினும் அன்றைய விருந்தினர் கோடையில் மட்டுமே வந்தனர். பனிக்காலம் மலைக்குடியினர்க்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வறுமைக் காலம். அப்பனியே ஒருநாள் செல்வமாகும் என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். 1864ஆம் ஆண்டில் செயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊரின் விடுதி உரிமையாளர் யோகானஸ் பட்ருட், கோடைவிருந்தினராக வந்த ஆங்கிலேயர் சிலரிடம், பனிக்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவைத் தாமே ஏற்பதாகப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பந்தயத்தில் அவரே வென்றாராம். நார்வே நாட்டார் பனியில் நடப்பதற்குக் காலில் கட்டிய மரப்பட்டைகள் அந்நூற்றாண்டின் இறுதியில் ஆல்ப்சுக்கு வந்து பனிச்சறுக்கு விளையாட்டாயின. துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயில் 1894ஆம் ஆண்டில் டாவோசிலிருந்து மலைகடந்து அரோசா என்னும் ஊர்வரை சறுக்கிச் சென்று, அதைப் பற்றி எழுதவும் செய்தார். ஒரு தலைமுறைக்குள் மாட்டுக்கொட்டில்கள் இருந்த இடங்களில் விடுதிகள் எழுந்தன.

செர்மாட் மக்களின் செயலொன்று நாம் கருதத்தக்கது. விடுதித் தொழில் வெளியூர்க்காரர் கையில் முழுவதுமாகப் போய்விடக்கூடாது என்று கருதிய ஊர்க்குடிகள் 1879ஆம் ஆண்டில் பொதுவுடைமையாகத் தாங்களே பெரிய விடுதியொன்றை எழுப்பினர். அது இன்றும் அவர்களுடையது. பெட்ரோல் வண்டிகள் இன்றும் அவ்வூருக்குள் நுழைய முடியாது. விருந்தினர் கீழேயுள்ள ஊரில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடர்வண்டியில் ஏறித்தான் செல்லவேண்டும்.

குற்றாலத்தில் ஊரார் பொதுவாக நடத்தும் விடுதி எதுவும் தோன்றவில்லை. கோவிலும் பேரூராட்சியும் கடைகளையும் வண்டி நிறுத்துமிடங்களையும் ஏலத்திற்கு விட்டு வருவாய் பெறுகின்றன. கோவிலின் சார்பில் 1964ஆம் ஆண்டில் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. தென்காசி வட்டாரத்துப் பெண்களுக்கு அது கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது. குற்றாலத்தின் வளர்ச்சியைப் பேசுவோர் விடுதிகளின் எண்ணிக்கையைச் சொல்வர். இக்கல்லூரியைச் சொல்ல மறந்துவிடுவர்.

எடுத்துச் செல்லாத விருந்தினர்

குற்றாலம் இருநூறு ஆண்டுகளாகச் சுற்றுலா ஊராகவும் பாசன நீரின் தலைவாயிலாகவும் ஒருங்கே இருந்துவர முடிந்தது எவ்வாறு? விடை அருவிக் குளியலின் இயல்பில் உள்ளது. தேனருவியிலும் செண்பகாதேவியிலும் விழுந்து இறங்கும் நீர், பேரருவியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குடைவில் நிறைந்து, அங்கிருந்து வழிந்து மனிதர் தலைமேல் விழுகிறது. விழுந்த நீர் அங்கே நிற்பதில்லை, சிற்றாறாக ஓடுகிறது. ஐந்தருவியின் நீரும் பழைய குற்றாலத்தின் நீரும் வெவ்வேறு வழிகளில் வந்து அதனோடு சேர்கின்றன. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் சிற்றாறு, வழியில் அணைக்கட்டுகளால் தடுக்கப்பட்டுக் கால்வாய்களிலும் குளங்களிலும் பிரிந்து, எஞ்சியதைச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்க்கிறது. அருவியில் குளித்தவர் தம் உடலில் ஒட்டிய ஈரத்தைத் தவிர வேறெதையும் எடுத்துச் செல்வதில்லை. அவர் தலையில் விழுந்த அதே நீர் சில மணி நேரத்தில் தென்காசி வயலில் பாய்ந்தது. விருந்தினருக்கும் உழவருக்கும் இடையே பூசல் எழாமைக்கு இதுவே காரணம்.

இவ்வொழுங்கு குலைந்த வழிகள் இரண்டு. ஒன்று, நீரில் சேர்த்தவை. மற்றொன்று, நீரைத் திருப்பியமை.

முதலாவதைப் பலர் அறிவர். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது குற்றாலத்தின் பழைய வழக்கம். அருவிக்கரையில் வருவோர்க்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தோர் பலர். வந்தோர் தொகை சிலநூறாக இருந்த காலத்தில் அந்த எண்ணெயை ஆறு பொறுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் சோப்பும் ஷாம்பும் நெகிழி உறைகளுமாக வந்தபோது பொறுக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆற்றுக்கு அது நன்மை. ஆனால் அத்தடையால் முதலில் பிழைப்பை இழந்தவர் அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றவரே அன்றிக் கழிவுநீரை ஓடையில் விட்ட கட்டடங்களின் உரிமையாளர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது அண்மைக்காலத்தது, பண்பொழிப் பகுதியைத் தொடுவது. குற்றாலத்தில் நெரிசல் மிகுந்தபோது சுற்றுலா வடக்கு நோக்கிப் பரவியது. செங்கோட்டை, குண்டாறு அணைப்பகுதி, பண்பொழி, மேக்கரை என மலையோரம் முழுவதும் தோப்புகளுக்கிடையே விடுதிகள் எழுந்தன. அமைதி அங்கே இருந்தது, சாரலும் இருந்தது. அருவிதான் இல்லை. எனவே மலையோடைகளைத் தடுத்தும் திருப்பியும் தனியார் நிலத்தில் அருவிகள் ‘செய்யப்பட்டன’. கட்டணம் செலுத்தியோர் மட்டும் குளிக்கும் அருவிகள் அவை. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி அமைத்த செயற்கை அருவிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022ஆம் ஆண்டில் மதுரைக் கிளை ஆணையிட்டது.

ஆல்ப்சிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்துவருகிறது. புவி வெப்பமடைந்து பனிப்பொழிவு குறையவே, தாழ்வான சரிவுகளில் உள்ள ஊர்கள் நீரை அழுத்தத்தோடு குளிர்காற்றில் பீய்ச்சி எந்திரங்களால் பனி செய்கின்றன. அந்நீரைத் தேக்குவதற்கெனவே மலைமேல் குளங்கள் வெட்டப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டி ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தது. எந்த இயற்கைப் பொருளால் ஊர் வளர்ந்ததோ அதையே ஊர் செய்துகொள்ள முற்படும்போது, கீழே இருப்போரின் நீரில் கைவைக்க நேர்கிறது.

மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயரக் கொள்ளளவு கொண்ட அடவிநயினார் அணை உள்ளது. கார் பருவத்தில் அதன் மடைகள் திறக்கப்படும்போது பண்பொழிகால், இலத்தூர்கால், நயினாரகரம்கால், சாம்பவர்வடகரைகால் முதலிய கால்வாய்கள் வழியே 7,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நீர்பெறுகிறது. கால்வாய்களின் பெயர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயர். எந்த நீர் எந்த ஊருக்கு என்பது பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது. அணைக்கு மேலே ஓடையைத் திருப்புவோர் எவருடைய பெயரை அழிக்கிறார் என்பதை அறிய வேறு ஆவணம் வேண்டுவதில்லை.

நீரின் எச்சரிக்கை

பேரருவியின் எதிரே பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. நீர் அவ்வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிக்கப்படும். தலைமுறை தலைமுறையாக அருவியைக் கண்டவர்க்கு வளைவு தேவையில்லை; நீரின் நிறம் மாறுவதையும் சருகும் குச்சியும் மிதந்து வருவதையும் கண்டே விலகிவிடுவர். ஒருநாள் விருந்தினராக வருவோர்க்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பருவம் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். பதினேழு வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் உயிரிழந்தார். அருவிக்கரையில் அப்போது மழை வலுக்கவில்லை, பொழிந்தது மேலே. சாரலின் இன்பத்திற்குக் காரணமான அதே நில அமைப்புத்தான் இவ்விறப்புக்கும் காரணம்.

அதன்பின் மலைமேல் பெய்யும் மழையை முன்னரே அறிந்து கீழே உள்ளோரை எச்சரிப்பது பற்றிய பேச்சு வலுப்பெற்றது. ஊரில் நிலையாக வாழ்வோர் சில ஆயிரம் பேர். சீசனில் ஒரு விடுமுறை நாளில் வந்து சேர்வோர் அதனினும் பன்மடங்கு. இவ்வேற்றத்தாழ்வைத் தாங்குமாறு சாலையும் கழிவுநீர் வழியும் மருத்துவமும் அமைய வேண்டும். மற்ற மாதங்களில் அவை வெறுமையாகக் கிடக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் வருவது இரண்டாம் பருவமாக அமைந்து கடைக்காரர்க்குச் சற்றே கைகொடுக்கிறது. ஏனைய நாள்களில் கடைகளின் கதவுகள் பாதி மூடியே இருக்கும். அருவியும் அப்போது பாறையில் ஒரு கோடாக வடியும். சிற்றாற்றின் மணலில் சிறுவர் பந்து விளையாடுவர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் குளம் அல்லது கால்வாயின் நீர் எந்த மலையிலிருந்து, எந்த ஊர்களைக் கடந்து வருகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து வரைபடம் ஒன்று வரைக.

‘எங்கள் தோப்பில் ஓடும் நீர் எங்களுடையதே’ என்று விடுதி உரிமையாளர் ஒருவரும், ‘அது பண்பொழிகால் நீர்’ என்று உழவர் ஒருவரும் உரையாடுவதாக எழுதி வகுப்பறையில் நடித்துக்காட்டுக. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவரும் அவ்வுரையாடலில் இடம்பெறட்டும்.